சாம்பல் புதனுக்கு முந்தின நோன்பு

அஸ்தம்பட்டி, சேலம்
3 மார்ச் 2025

இயேசு மரி சூசை

அன்புள்ள ஆன்சி அப்பாவுக்கு,

இங்கே நான், பூனை, என் ரத்தக்கொதிப்பு மூவரும் சுகம். போன் செய்தால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். காகிதத்துக்கு சிக்னல் வேண்டாமே என்று எழுதுகிறேன்.

நண்பர் ராசப்பனின் போர்வெல் ரிக் லாரி ஷெட்டை மேற்பார்வை பார்க்கத் திருச்செங்கோடு போய் இரண்டு வாரம் ஆயிற்று. சரி. நம் குளியலறை எடை மிஷின் ஏன் கூடவே போனது? ரிக் லாரியை அதில் ஏற்றிப் பார்க்கிறீர்களா? நேற்று ராசப்பன் மனைவி குப்பாயி போனில், "அண்ணன் வந்ததிலிருந்து சோறே உங்கறதில்லீங்கக்கா, ரெண்டு வாழைப்பழத்தோட எந்திரிச்சுக்கறாரு" என்றாள். எனக்குத்தான் சமையல் வராது என்றிருந்தேன். அவளுக்குமா?

உண்மையை எழுதவும்.

உங்கள் மனைவி,
தெரசா


திருச்செங்கோடு
7 மார்ச் 2025

என் சி.ஐ.டி. தெரசாவுக்கு,

எடை மிஷின், நட்டு போல்ட்டை நிறுத்துப் பார்க்க. சோறு உண்ணாதது, தவக்கால நோன்பு. அறுபத்து நாலு வயதில் ஒருவன் பக்திமானாகக் கூடாதா? முப்பது வருடம் ரேஸ் ஜாக்கியாக எடை குறைத்தவனுக்குப் பசி பழைய சிநேகிதன். மற்றபடி, இன்று என்னைப் பார்க்கிற எந்தக் குதிரையும் "பெரியவரே, பஸ்ஸில் போங்க" என்றுதான் சொல்லும்.

ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதே. பூனைக்குப் போட்டுவிடாதே.

உன் புருஷன்,
அற்புதராஜ்


அஸ்தம்பட்டி
12 மார்ச் 2025

பக்திமான் அவர்களுக்கு,

நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனே ஐந்தாம் தேதிதான் வந்தது. நீங்கள் பிப்ரவரியிலேயே சோற்றை விட்டுவிட்டீர்கள். அது எந்தத் திருச்சபையின் தவக்காலம்? இன்னொன்று. என் கடிதத்தில் குதிரை என்ற சொல்லே இல்லை. நீங்கள்தான் எழுதினீர்கள்.

உங்கள் கவரின் பசையில் நீளமாக ஒரு கறுப்பு முடி ஒட்டியிருந்தது. அன்றைக்கென்று குப்பாயி வேறு, "பொழுதன்னைக்கும் கனிஷ்காகூடத்தான் கெடக்கறாருங்க" என்றாள். யாரடி அவள் என்று கேட்பதற்குள் நிஜமாகவே சிக்னல் போய்விட்டது. மானம் போனால் போகட்டும் என்று முடியை எடுத்துக்கொண்டு பியூட்டி பார்லர் வெண்ணிலாவிடம் ஓடினேன். உருட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மனுஷ முடியே இல்ல" என்றாள்.

பொம்பளையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பொம்பளை இடுப்பெலும்பை உடைக்க மாட்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "இனி குதிரை ஏறினா நான் உன் புருஷனே இல்ல." இருபத்து மூன்றாம் தேதி அங்கே திருவிழாக் குதிரைப் பந்தயமாமே. சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள் மனைவி,
தெரசா


திருச்செங்கோடு
25 மார்ச் 2025

தெரசா,

கனிஷ்கா ராசப்பன் வாங்கிய பெண்குதிரை. குளிப்பாட்டுவேன், புல் போடுவேன். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ராசப்பனின் மருமகன் மோகன்குமார்தான் ஓட்டினார். நான் ஓரமாகக் குடை பிடித்து நின்றேன். யார் ஜெயித்தது என்று கவனிக்கவில்லை.

பேனா சரியில்லை, எழுத்து கோணல். ஷெட்டில் வேலை இருக்கிறது, வர ஆறு வாரம் ஆகும்.

அற்புதராஜ்


அஸ்தம்பட்டி
28 மார்ச் 2025

ஆன்சி அப்பா,

பேனா மேல் பழி போடாதீர்கள். முப்பத்தெட்டு வருடமாக வலப்பக்கம் சாய்ந்த எழுத்து இப்போது இடப்பக்கம் விழுந்து கிடக்கிறது. இடது கையால் எழுதியிருக்கிறீர்கள். ஆறு வாரம் என்றால் எலும்பு என்று எனக்குத் தெரியாதா? வலது கையா, தோள்பட்டையா?

யார் ஜெயித்தது என்று கவனிக்காமல் குடை பிடித்து நிற்கிற மனிதரை நான் கட்டிக்கொள்ளவில்லை.

முழுப் பொய்யையும் எழுதிய அந்த இடது கையால், 'உன் புருஷன்' என்று மட்டும் எழுத முடியவில்லை. அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். நீங்கள் எழுதியதிலேயே உண்மை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை, முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். மன்னிக்க அல்ல, எக்ஸ்ரே பார்க்க. நானும் கீழே ஒரு வார்த்தையை விட்டிருக்கிறேன். திரும்பப் போடுவதா இல்லையா என்று உங்களை நேரில் பார்த்துவிட்டு யோசிக்கிறேன்.

தெரசா

பி.கு.: ஜெயிச்சீங்களா?