மெஷினுக்கு வைத்த பச்சைப் பொட்டலம்

கீலுங்,
நவம்பர் 3

செல்ல மகள் யா-சிங்குக்கு,

நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடை மெய்-லிங் எழுதுகிறாள். இப்போதெல்லாம் போனில் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது.

போன புத்தாண்டு விருந்துக்கும் நீ வரவில்லை. "படம் எடிட் பண்ற லேப்டாப் செங்கல் கனம்ப்பா, ரயில்ல தூக்கிட்டு வர முடியாது" என்றாய். அன்று காது நன்றாகக் கேட்டது. உன் பின்னால் யாரோ தும்மினார்கள்.

அதனால் தைபே கணினிச் சந்தைக்குப் போனேன். இருப்பதிலேயே மெலிசானதைக் கேட்டேன்.

"தாத்தா, அது சினிமா வேலைக்கு மூச்சு வாங்கும்" என்றாள் கடைக்காரப் பெண்.

"வேலையும் செய்யணும், மக தோளும் வலிக்கக் கூடாது."

"ஒல்லியா இருக்கணும், மூட்டையும் தூக்கணும்! லேப்டாப் வேணுமா, மருமக வேணுமா?"

ஒவ்வொன்றிலும் படம் ஓடவிட்டு அடியில் கை வைத்துப் பார்த்தேன். மெலிசானது சுட்டது, திக்கியது. சாம்பல் நிறத்தது கொஞ்சம் தடிமன், திக்கவில்லை. அதைப் பையில் போட்டுச் சந்தைப் படிகளில் ஏறி இறங்கினேன். தோள் வலிக்கவில்லை.

அதைத்தான் இந்தப் பொதியில் அனுப்புகிறேன். நம் ஊர் வழக்கப்படி மேலே பச்சைப் பொட்டலச் சோளப்பொரி வைத்திருக்கிறேன். அது பக்கத்தில் இருந்தால்தான் மெஷின் சொன்ன பேச்சு கேட்கும்.

இனிக் கனம் என்று சொல்லாதே.

அப்பா

காவ்சியுங்,
நவம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

லேப்டாப் வந்தது. முழுப் படத்தையும் திக்காமல் ஓட்டுகிறது, ஒரு கையால் தூக்க முடிகிறது. ஒரே குறை: குளித்துவிட்டு வந்து பார்த்தால் பொட்டலம் காலி. இன்னொன்று அனுப்புங்கள். புத்தாண்டுக்கு வேலையைப் பார்த்துச் சொல்கிறேன்.

யா-சிங்

கீலுங்,
நவம்பர் 20

யா-சிங்,

நீயே தின்றிருந்தால் இப்படி எழுதமாட்டாய். பூனை தின்றிருக்காது, சின்ன வயதில் மீன்சந்தைப் பூனையைத் தொட்டு உன் முகம் பணியாரமாக வீங்கியது, அதற்குப் பிறகு நீ எந்தப் பூனையையும் அண்டவிட்டதில்லை. மெஷினுக்கு வைத்ததை நம் ஊர்க்காரர் யாரும் தொடமாட்டார்கள். ஆக, வெளிநாட்டுக்காரர். தும்மியவரும் அவர்தான்.

"மாமா, நீங்க போலீசுல சேர்ந்திருக்கணும்" என்று மெய்-லிங் சிரிக்கிறாள்.

பெயர் என்ன?

அப்பா

காவ்சியுங்,
நவம்பர் 29

அப்பா,

பெயர் க்வாங். வியட்நாம்காரர். கப்பல் பட்டறையில் வெல்டர். சினிமாவில் வருவதுபோல் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நின்று காதலைச் சொன்னோம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; ஒரே மாடியில் குடியிருந்தோம், பழகிவிட்டோம், இப்போது சேர்ந்து வாழ்கிறோம். பழைய லேப்டாப்பை அவர்தான் தினமும் எனக்காக மாடிக்குத் தூக்கி வருவார். அதை ரயிலிலும் தூக்கியிருப்பார். நீங்கள் கதவைச் சாத்திவிடுவீர்களோ என்றுதான் கனத்தின் மேல் பழி போட்டேன்.

பொட்டலத்தின் விஷயம் தெரிந்ததிலிருந்து, "மெஷின் கெட்டுப்போச்சுன்னா உங்கப்பா என்னை உள்ள விடுவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

விடுவீர்களா அப்பா?

யா-சிங்

கீலுங்,
டிசம்பர் 7

யா-சிங்குக்கு,

இந்தப் பொதியில் இரண்டு பச்சைப் பொட்டலம். ஒன்று மெஷினுக்கு, யாரும் தொடக்கூடாது. இன்னொன்று க்வாங்குக்கு, ரயிலில் வரும்போது தின்னட்டும்.

மெஷின் கனமாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்பா