பள்ளக் கோலும் பதினோரு மனுவும்

ஜூன் 17, செவ்வாய்

வெயில் இல்லை, மழையும் இல்லை, காற்று மட்டும். முதல் ஷிப்டு முடிந்து மூன்றரைக்கு வீடு.

வாங்க வேண்டியது: கோல் வலைக்கு நைலான் கயிறு. சுண்ணாம்பு இரண்டு மூட்டை. முழங்கால் தைலம் (எனக்கு).

எழுத வேண்டியது: மைதான வரலாறு, ஒரு பக்கம். இதுதான் தொல்லை. கால்பந்து லீக் ஆபீஸ் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம், 'கழகத்தின் சொந்த மைதானம், அதன் வரலாறு'. ஞாயிறு மேட்சுக்கு முன் கொடுத்தாக வேண்டும். செயலாளர் நான், என் தலையில் விழுந்தது. தலைவர் முனிரத்தினம் போனில்: "ஊர்ப் பெரியவங்க தானமா குடுத்த எடம்னு எழுதுப்பா. காப்டர் கதையெல்லாம் வாணாம், மானம் போவும்."

காப்டர் கதைதான் உண்மை. நான் ஆறாவது படிக்கும்போது ஓர் அமைச்சர் ஹெலிகாப்டரில் வருவதாக ஏற்பாடு. புறம்போக்கில் நடுவே மட்டும் மண் கொட்டிச் சமமாக்கி, பெரிய சுண்ணாம்பு வட்டம் போட்டார்கள். கொடி பிடித்து நாலு மணி நேரம் நின்றோம். அமைச்சர் காரிலேயே வந்து காரிலேயே போய்விட்டார். நாங்கள் கத்தாமல் இருக்க டிரில் வாத்தியார் ஒரு பந்தை எடுத்துப் போட்டார். கொடிக்கம்புகளே கோல் கம்பம். கழகம் பிறந்தது அப்படி.

இன்றும் எங்கள் நடுவட்டம் அதே வட்டம்தான். மற்ற ஊர்களில் இருப்பதைவிடப் பெரிசு. அது மட்டும் மட்டம், மீதி எல்லாம் சரிவு. பாறைப் பக்கம் மேட்டுக் கோல், ஏரிப் பக்கம் பள்ளக் கோல். பந்தை லேசாகத் தட்டிவிட்டு முன்னால் ஓடினால் போதும், நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். வெளியூர்க்காரன் திருதிருவென்று முழிப்பான். இரண்டாவது பாதியில் பள்ளத்தைப் பார்த்து அடித்து நாங்கள் தோற்றதே கிடையாது.

ஞாயிறு காவேரிப்பட்டினத்தோடு கடைசி மேட்ச். டிரா ஆனால் முதல் டிவிஷனில் தங்குவோம். தோற்றால் இரண்டாவது டிவிஷன்.

ஜூன் 18, புதன்

தூறல். கேன்டீனில் மறுபடியும் உப்புமா.

மைதானத்துக்குப் போனால் பொக்லைன் நிற்கிறது! பக்கத்தில் வி.ஏ.ஓ., தெற்கத்திக்காரர், எப்போதும் சிரித்த முகம். "அண்ணாச்சி, சனிக்கெழம மந்திரி வாராரு, புதுசா ஒரு கம்பெனி தொறப்பு விழாவுக்கு. ஹெலிகாப்டர் இங்கதான் எறங்குது. ஒங்க மனு எல்லாம் ஃபைல்ல இருந்துச்சுல்லா, அதயும் சேத்தே முடிச்சிருதோம். மொத்த மைதானமும் மட்டம்!"

மனு. ஆமாம். வருடத்துக்கு ஒன்றாகப் பதினோரு மனு. 'மைதானத்தைச் சமன் செய்து தருமாறு.' வேலை செய்யும் கம்பெனியில் மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற இன்ஸ்பெக்டர் நான், அந்தச் சரிவைப் பார்த்தால் கண் உறுத்தும். அதற்காக, நடக்கும் என்று நினைத்தா எழுதினேன்? செயலாளர் என்றால் வருடத்துக்கு ஒரு மனு, அவ்வளவுதான். டீமில் யாருக்கும் தெரியாது.

கேப்டன் மஞ்சுநாத் ஓடி வந்தான். அத்திப்பள்ளிப் பக்கம் லேத் பட்டறையில் வேலை, கோபம் வந்தால் கன்னடம். "யாரண்ணா கேட்டது மட்டம் பண்ணுன்னு? நாலு நாள்ல மேட்ச்! ஈக ஏன் மாடோது?" இப்போது என்ன செய்வது என்று என்னையே கேட்கிறான். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

வெயில். முழங்கால் பரவாயில்லை.

மொத்த மைதானமும் மட்டம். பதினோரு வருடத்தில் நடக்காதது ஒன்றரை நாளில். யாரும் இல்லாத நேரம் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் வைத்து அளந்தேன். ஒரு கோலிலிருந்து இன்னொரு கோல் வரை பிசகே இல்லை. பெருமையாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

மாலை பிராக்டிஸ் பரிதாபம். ஃபார்வர்டு சிவராஜ் வழக்கம்போல் தட்டிவிட்டு ஓடினான். பந்து தட்டிய இடத்திலேயே. பந்து இல்லாத காலோடு பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தான். தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்: "பள்ளம் இல்லாத கிரவுண்டுல நாம எப்பிடிடா ஆடறது?"

ஜூன் 20, வெள்ளி

லீவு போட்டேன். மூங்கில் தடுப்பு, கொடி, புதுச் சுண்ணாம்பு வட்டம். பழையதைவிட இன்னும் பெரிசு.

மனைவி மல்லிகா சாப்பாடு போடும்போது: "பதினோரு மனுவுக்கும் ஸ்டேப்ளர் பின் அடிச்சது நானு. போய் உண்மையச் சொல்லிடுங்க. வேற யாராவது சொன்னா அசிங்கமாயிடும்."

மேட்ச் முடிந்து சொல்லலாம் என்று இருக்கிறேன்.

(கயிறு வாங்க மறந்துபோச்சு.)

ஜூன் 21, சனி

மேகம். காலை எட்டு மணியிலிருந்து கூட்டம். தூசி கிளம்பாமல் இருக்கத் தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக, கையில் கொடி. எங்கள் டீமுக்கு வாலன்டியர் தொப்பி.

பன்னிரண்டு மணி. ஹெலிகாப்டர் வரவில்லை. கூட்டம் கலையாமல் இருக்க வி.ஏ.ஓ. மைக்கைப் பிடித்தார். "காத்திருக்க நேரத்துல ஒரு நல்ல மனுசரப் பத்திச் சொல்லணும். இந்த மைதானத்த மட்டம் பண்ணித் தாங்கன்னு பதினோரு வருசமா விடாம மனு குடுத்தவரு, நம்ம கோவிந்தராஜ் அண்ணாச்சி!" அதோடு விட்டாரா? ஒரு மனுவை எடுத்து வாசிக்கவும் செய்தார். 'பந்து ஏரிவரை உருண்டுவிடுவதால் வீரர்கள் பெரிதும் அவதியுறுகின்றனர்.' பலத்த கைத்தட்டல் கேட்டார். பிள்ளைகள் தட்டினார்கள். தொப்பிகள் தட்டவில்லை. மஞ்சு என்னையே பார்த்தான். கன்னடத்தில்கூடத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒன்றரைக்குச் செய்தி: மேகமூட்டமாம், அமைச்சர் காரில் போய்விட்டார்.

சிரிப்புதான் வந்தது. பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள், டீச்சர் என் பந்துப் பையைப் பார்த்தார். பந்தை எடுத்துப் போட்டேன். போட்ட இடத்திலேயே நின்றது.

வீட்டுக்கு வந்து படிவத்தில் காப்டர் கதையையே எழுதினேன், இரண்டு தடவை வராததையும் சேர்த்து. தலைவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல வெயில். ராத்திரி தூக்கமே இல்லை. படிவம் கொடுத்தாச்சு. டீமில் எவனும் என் பக்கம் வரவில்லை, தண்ணீர்ப் பாட்டிலைக்கூட நானே எடுத்துக் குடித்தேன்.

காவேரிப்பட்டினத்துக் கேப்டன் மைதானத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனான். "என்னாங்க இது? உங்க சரிவுக்கோசரம் ஒரு மாசமா ஆத்தங்கரைச் சரிவுலயே பிராக்டிஸ் பண்ணோம். கேரம் போர்டு மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க!"

அப்புறம் நடந்ததை மேட்ச் என்று சொல்ல மனசு வரவில்லை. இருபத்திரண்டு பேரும் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்கள். பந்து யாரோடும் போகவில்லை. ரெஃப்ரி மட்டும் பந்துக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

கடைசி நிமிடம். அவர்கள் ஃபார்வர்டு எல்லாரையும் தாண்டித் தனியாக வந்துவிட்டான். தட்டினான், ஓடினான், எங்கள் கீப்பரைச் சுற்றிக்கொண்டு கோலுக்குள்ளேயே போய் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பந்து வரவில்லை. கீப்பர் நிதானமாக நடந்துபோய் எடுத்தான். விசில்.

பூஜ்யம், பூஜ்யம். தங்கிவிட்டோம்! தலைவர் அழுதார். நானும்.

மஞ்சு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணா, நீ எழுதினா நடக்குது. அடுத்த சீசனுக்குள்ள இன்னொண்ணு எழுது."

மல்லிகா ஸ்டேப்ளரோடு தயார்.

பொருள்: மைதானத்தைப் பழையபடி சாய்த்துத் தரக் கோருதல்.

பார்வை: எனது முந்தைய பதினோரு மனுக்கள். (அவற்றைத் தயவுசெய்து தள்ளுபடி செய்யவும்.)