தண்டின் மேல் பீங்கான் பூச்சு

திண்டிவனம், 1965

மார்ச் 9, செவ்வாய்
காலையிலேயே வெயில். பட்டறை திறந்ததும் மேல்சித்தாமூர் நயினார் ஐயா, பம்புத் தண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு. அவர் கிணற்றுத் தண்ணீரில் மணல். தண்ணீர் கசியாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் கயிற்றில் அது புகுந்து எஃகையே அராவிவிடும். அதனால்தான் மெட்ராஸில் கொடுத்துப் பீங்கான் தூளை உருக்கி மேலே பூசி வாங்கித் தந்தேன். இப்போது பூச்சு செதில் செதிலாக உரிந்திருக்கிறது.

"சுண்ணாம்பு அடிச்சிக் குடுத்துட்டியேம்மா. அங்க கரும்பு காயுது."

வாசலில் கொழுந்தன் சிரிப்பு. என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து லேத்தை விற்கச் சொல்லி நச்சரிப்பு. "உனுக்கு எதுக்கு அண்ணி இந்தப் பேஜாரு? விழுப்புரத்துல ஆள் பாத்துக்கினு இருக்கேன்."

நான் நயினார் ஐயா பக்கம் திரும்பினேன். "இன்னொரு தபா செஞ்சி குடுக்குறேன் ஐயா" என்றேன்.

மார்ச் 10, புதன்
மெட்ராஸ். ரயிலில் நிற்க இடமில்லை. பூச்சுக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பூச்சு கெட்டிதாம்மா. வழவழன்னு கடைஞ்சா அது எத புடிச்சிக்கினு நிக்கும்?" காரணம் தெரிந்தது. போதும்.

மார்ச் 12, வெள்ளி
புதுத் தண்டு. மேலே மெல்லிய மரை வெட்டிச் சொரசொரப்பாக்கினேன். எண்ணெய்ப் பசை போகத் துடைத்தபின் வெறுங்கை படவில்லை. மறுபடி மெட்ராஸ். வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. ஆறின கஞ்சி.

மார்ச் 15, திங்கள்
பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் மேலெல்லாம் கரடு. அப்படியே மாட்டினால் கயிற்றைத் தின்றுவிடும். பகல் முழுக்கச் சாணைக்கல், தண்ணீர் விட்டுக்கொண்டே. தோள் கழன்றுவிடும் போல.

கொழுந்தன்: "ஊரே சிரிக்குது அண்ணி."

"சிரிக்கட்டும். லேத்த ஓட்டுறது நானு."

மார்ச் 24, புதன்
மேல்சித்தாமூர். போன வாரம் தண்டு மாட்டியதிலிருந்து பம்பு தினமும் ஓடியிருக்கிறது. ஐயா முன்னால் கழற்றினேன். கயிறு நிறைய மணல். தண்டைத் துடைத்தேன். கீறல் இல்லை. அவர் விரலால் திரும்பத் திரும்பத் தடவினார். "என் தம்பி பம்புக்கும் ஒண்ணு செஞ்சி குடும்மா." அதன் தண்டையும் கையோடு தந்தார்.

திரும்பி வந்தால் பட்டறையில் கொழுந்தனும் விழுப்புரத்து ஆளும். அந்த ஆள் லேத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப வந்து எடுத்துக்கலாம்மா?"

நயினார் ஐயா தம்பியின் தண்டை லேத்தில் பூட்டினேன்.

"தள்ளி நில்லுங்க. தூள் கண்ணுல படும்."

மோட்டாரைப் போட்டேன்.