பென்டிரைவ் இல்லை என்கிறது கம்ப்யூட்டர்

26 அக்டோபர் 2015, திங்கள்

யாருக்கோ கூலிக்கு மனு ஒன்று டைப் அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊர்! திரும்ப ஆன் செய்தால் கறுப்புத் திரை. ஏதோ ஒரு ஃபைல் இல்லையாம். விண்டோஸ் வரவே இல்லை.

27 அக்டோபர், செவ்வாய்

மனு போனால் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். பயம் அதற்கில்லை. என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் பதினான்கு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டர், ஒவ்வொருவரும் கொடுத்த வேலைச் சீட்டு ஒன்று. காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதற்கு முன்பே நான் ஸ்கேன் செய்து வைத்ததுதான் மிச்சம், அதுவும் இந்தக் கம்ப்யூட்டருக்குள். பெர்மனென்ட் பட்டியலில் பேர் சேர, வருகிற திங்களன்று மைன்ஸ் ஆபீஸில் காட்ட வேண்டும். ஸ்கேன் பிரதி போதும் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

வேறெங்காவது ஒரு காப்பி வைத்திருக்கலாமே என்று அவர் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

28 அக்டோபர், புதன்

வடலூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் மலர்விழியிடம் போனேன். டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்கு ஒரு செட் பின்னால் படித்தவள். ஒரு பென்டிரைவில் லினக்ஸ் போட்டுத் தந்தாள். ஹார்டுடிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டர் ஓடும், ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம் என்றாள்.

"ஆன் பண்ணவொடனே எஃப் பன்னெண்ட அழுத்திக்கினே இருங்கக்கா. லிஸ்ட்டு வரும். அதுல பென்டிரைவக் காட்டும்."

வந்தது. ஹார்டுடிஸ்க் இருக்கிறது, சிடி இருக்கிறது. பென்டிரைவ் இல்லை.

29 அக்டோபர், வியாழன்

மலர்விழி போனில் சொல்லச் சொல்ல செட்டிங்ஸுக்குள் போய் யூஎஸ்பியை முதலில் வைத்தேன். இல்லை. பக்கத்து ஓட்டையில் செருகினேன். இல்லை. போர்டே போயிருக்குமோ?

அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து கொஞ்ச நேரம் பின்னால் நின்றார். "போனா போவுது வுடு. கான்ட்ராக்டுலயே ஓட்டிக்கலாம்" என்றார்.

போனா போவுதாம்! பதினாலு வருஷம்யா.

30 அக்டோபர், வெள்ளி

மறுபடி வடலூர். அவளுடைய மெஷினில் அதே பென்டிரைவ் ஜம்மென்று ஓடுகிறது. அப்படியானால் கோளாறு என் வீட்டில்தான். திருப்பித் தரும்போது, "என்னக்கா, இதும்மேல மஞ்சளா ஏதோ ஒட்டிக்கினு இருந்துச்சு" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டர் விற்றவனையும் மைன்ஸ் தூசியையும் எங்கள் மந்தாரக்குப்பம் வரை பஸ்ஸில் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

31 அக்டோபர், சனி

காலையில் சாமி அலமாரியைத் துடைக்கும்போது சந்தனக் கிண்ணம் கையில் பட்டது. மஞ்சளா ஏதோ.

ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்க யூஎஸ்பி ஓட்டை இரண்டிலும் சந்தனம், காய்ந்து கெட்டியாக. பத்து நாள் முன்பு ஆயுத பூஜைக்கு யார் வைத்தது? நான்தான். சோறு போடுகிற கம்ப்யூட்டர் ஆயிற்றே என்று மூன்று விரலாலும் தாராளமாக இழுத்தேன். அடி மூதேவி, நாலு நாளா ஊரையே திட்டினியே!

பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பிப் பின்பக்கம் செருகினேன். எஃப் பன்னிரண்டு. லிஸ்ட்டில் பென்டிரைவ் வந்து நின்றது. லினக்ஸ் மெதுவாக எழுந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். பதினான்கு சீட்டும் இருந்தன. மூன்று முறை எண்ணினேன். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு இரண்டு காப்பி எடுத்தேன், ஒன்று மலர்விழியிடம் இருக்கட்டும்.

என்ன கோளாறு என்று இவர் கேட்டார். மைன்ஸ் தூசி என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார்.

2 நவம்பர், திங்கள்

வாங்கிக்கொண்டார்கள்.

10 அக்டோபர் 2016, திங்கள்

ஆயுத பூஜை. சாமி படத்துக்கு முன்னால் இவருடைய ஹெல்மெட், ஷூ, பக்கத்தில் பெர்மனென்ட் ஐடி கார்டு. கார்டு வந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் தினமும் துடைக்கிறார்.

சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரிடம் போனேன். முன்பக்க யூஎஸ்பி ஓட்டை இரண்டின் மேலும் யாரோ செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். திரும்பிப் பார்த்தேன். அவர் மும்முரமாகக் கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.