அம்பில் எழுதிய பெயர்

ஒக்டோபர் 19, ஞாயிறு

இன்று விடிய மச்சான் குகனோடு காட்டுக்குப் போய், என் மர வில்லால் முதன்முதலாக ஒரு மானை எய்தேன். வில்வித்தை கிளப்பில் ரப்பர் மான் பொம்மைகளை எய்து பழகிய கை. நெஞ்சுக்குக் குறிவைத்தேன், வயிற்றில் பட்டது. மான் அம்போடு ஓடிவிட்டது.

"காட்டு அதிகாரிக்குப் போன் அடிப்பம். நாயோட வந்து தேடி, உடனே முடிச்சு விடுவினம்" என்றேன்.

"உனக்கென்ன விசரே? வில்லால வேட்டையாடுறதே இந்த நாட்டில குற்றம். குடியுரிமைக்கு எழுதிப் போட்டிட்டு நிக்கிறாய். அம்பில வேற உன்ர பேர் கிடக்கு!" என்றான் குகன்.

அது கிளப் விதி, ஒவ்வோர் அம்பிலும் பெயர் எழுதவேண்டும். அழிக்க மறந்துவிட்டேன்.

இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனோம். ஓடைக்கரையில் மூச்சு வாங்கியபடி கிடந்தது. குகன் கழுத்தை அமத்திப் பிடித்தான். நான் காலை ஊன்றி அம்பை இழுத்தேன். மான் கத்தும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

என்னிடம் கத்தி இருந்தது. கழுத்தை வெட்டி முடித்தால் உடுப்பிலும் காரிலும் இரத்தம் படும் என்றான் குகன். எனக்கும் சரியென்றே பட்டது. அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

பின்னேரம் அம்பைக் கழுவி ஹீட்டரில் காயவைத்தேன். இறகு கெடவில்லை. பெயர்தான் கொஞ்சம் அழிந்திருந்தது. திரும்ப வடிவாக எழுதிவிட்டேன். வியாழக்கிழமை கிளப்பில் அம்புகளில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.