முருகன் மெதுவாக வந்த கம்ப்யூட்டர்

அம்மா,

சாமி அலமாரியைத் துடைக்கும்போது விபூதித் தட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி அகப்பட்டது. திறந்தால் மத்தாப்பு இல்லை. பச்சை நிறத்தில் ஒரு சின்னத் தகடு. அதன்மேல் வரிசையாகக் கறுப்புச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறாய். நம் கம்ப்யூட்டரின் பழைய மெமரி. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்திலிருந்து பழைய சாமான் விலைக்கு வந்தது. அவர்கள் அழிக்க மறந்த படம் ஒன்று உள்ளே இருந்தது: பெரிய காலண்டருக்காகச் செய்த முருகன். அவ்வளவு பெரிய படத்தைத் தாங்க அந்தக் கிழட்டு யந்திரத்துக்குத் தெம்பில்லை. திறந்தால் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். முதலில் கிரீடம். பிறகு நெற்றி, கண், சிரிப்பு, வேல். பாதம் வருவதற்குள் உலை கொதித்துவிடும்.

காலையில் வேலைக்குப் போகிற பருத்திச் சேலையோடு, தூக்குவாளிப் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கைகூப்பி அதன்முன் நிற்பாய். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். உள்ளிருந்து ஒரு குரல் வரும்:

“மதினி, முருகன் எங்கன வந்திருக்காரு?”

“இப்பத்தான் இடுப்புக்கு வந்திருக்காரு. செத்த பொறுங்கடி!”

பாதம் தெரிந்ததும் “போயிட்டு வாரேன்” என்பாய். எனக்கல்ல, அவருக்கு. பாதி படத்தில் கரண்டு போன நாட்களில் முகம் இறுகித்தான் வேன் ஏறுவாய். நீ வேலை பார்த்தது வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில். பாதம் வரை பார்த்தாக வேண்டும் என்று ஏன் நின்றாய் என நான் கேட்டதில்லை.

கல்லூரியில் எனக்குக் கடைசி வருடம். புராஜெக்டைத் திறந்தாலே கம்ப்யூட்டர் உறைந்துவிடும். திருத்தங்கலிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார்.

“மெமரி பத்தலக்கா. பழசை எடுத்துட்டுப் பெருசாப் போட்டுருவோம்.”

“மெமரின்னா என்ன புள்ள?” என்றாய் என்னிடம்.

“ஞாபகம்மா” என்றேன். வந்தது வினை.

“ஞாபகத்தை எடுத்தா முருகன் என்ன ஆவாரு?”

முருகன் ஹார்ட் டிஸ்க் என்கிற குடோனில் பத்திரமாக இருக்கிறார், மெமரி நீ உட்கார்ந்து வேலை பார்க்கிற அறை மாதிரி, அறையைத்தான் பெரிதாக்குகிறோம் என்று விளக்கினேன். “எங்க கம்பெனியில மருந்து அறையில ஒரு ஆளு கூடினாலே ஆபத்துன்னு சத்தம் போடுவாக. நீ அறையவே பெருசாக்குறேங்குற” என்று இன்னும் பயந்தாய்.

மெக்கானிக் திருப்புளியை எடுத்ததும், நம் வீட்டுக்குள் உன் கம்பெனிச் சட்டம் அமலுக்கு வந்தது.

“தம்பி, அது என்ன சட்டை?”

“பாலியஸ்டர்க்கா. தீபாவளிக்கு எடுத்தது.”

“கழட்டுங்க. ஒரு பொறி போதும்.”

“அக்கா, இது கம்ப்யூட்டரு. அணுகுண்டு இல்ல.”

“எங்க கம்பெனியிலயும் வெறும் மத்தாப்புன்னுதான் சொல்றாக.”

அப்பாவின் தொளதொள கதர்ச் சட்டைக்குள் மனிதர் காணாமல் போனார். உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கக் கம்பெனி வாசலில் நீங்கள் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைவதுபோல, அவரைக் குழாயைத் தொட்டுவிட்டு வரச் சொன்னாய். பக்கத்தில் ஒரு வாளி மணல்.

புது மெமரியைச் செருகி சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பு. உள்ளிருந்து நீளமாக ஒரு ‘பீப்’. மறுபடியும் ஒரு ‘பீப்’.

“அழுகுது பாருங்க. அவரத்தான் தேடுது” என்று நீயும் கண் கலங்கினாய்.

மெக்கானிக் என் ரப்பரை வாங்கி மெமரியின் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். திரை வந்தது. படத்தைத் திறந்தேன்.

கிரீடம் முதல் பாதம் வரை ஒரே இமைப்பில் வந்து நின்றார் முருகன். மெக்கானிக் பெருமையாகப் பார்த்தார். உன் கைகள் இன்னும் சேரவே இல்லை.

“என்ன இது, பஸ்ஸப் பிடிக்கப் போறவரு மாதிரி வந்து நிக்காரு? கும்பிட நேரம் குடுக்கலையே! தம்பி, பழசையே மாட்டிருங்க.”

“வேகம் இல்லன்னு எல்லாரும் கூப்பிடுறாக. வேகமாயிருக்குன்னு சண்டைக்கு வர்றது நீங்க ஒருத்தருதான்க்கா.”

என் புராஜெக்ட் ஒருபக்கம், உன் முருகன் ஒருபக்கம். கடைசியில் வழி சொன்னது நீதான். “அவரு வராட்டி என்ன? நீ கூட்டிட்டு வா.” மறுநாளிலிருந்து, திரை முழுக்கக் கிரீடம் மட்டும் தெரியுமளவு படத்தைப் பெரிதாக்கி, மவுஸால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். என் பல்துலக்கல், காப்பி எல்லாம் பிறகுதான்.

“மெதுவா… மெதுவா. ஏ புள்ள, கண்ணத் தாண்டிட்ட. மேல போ!”

புது மெமரி போட்ட வீட்டில் பழைய மெமரியின் வேலையை நான் பார்த்தேன். “எங்கன வந்திருக்காரு?” என்று வேனிலிருந்து குரல் வந்தால் பதில் சொல்வதும் என் பொறுப்பாயிற்று.

கடைசிவரை எந்த வெடியும் உன்னைத் தொடவில்லை அம்மா. சர்க்கரைதான் கொண்டுபோனது.

அந்தப் படம் இப்போது என் போனில் இருக்கிறது. நான் அவ்வளவு கும்பிடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் வேலைக்குக் கிளம்புமுன் கிரீடத்திலிருந்து விரலால் இறக்குகிறேன். அவசரத்தில் விரல் ஓடிவிடுகிற நாட்களில், கண்ணைத் தாண்டிவிட்டேன் என்று தெரிகிறது. மேலே போய், மறுபடி கிரீடத்திலிருந்து தொடங்குகிறேன்.