சங்கு நண்டு பற்றி நீ ஊருக்குச் சொன்னது

அக்டோபர் 19, ஞாயிறு மதியம்

அன்பு மகள் டெஸ்பினாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசளவில் இல்லை, அதற்குக் காரணம் நீதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாலும் அது எரியத்தான் செய்கிறது. ஜூன் மாதத்திலிருந்து நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்தியிருப்பேன், நான் கத்தினால் உன் அப்பா போனைப் பிடுங்கி, ஒண்ணுமில்லம்மா, உங்கம்மா இன்னும் சாப்பிடல, அதான் என்று ஏதாவது சமாளித்திருப்பார், என் கோபம் செரிக்காமல் உள்ளேயே கிடந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதத்தானே செய்தாய். நீ எழுதியது ஊருலகத்துக்கு, நான் எழுதுவது உனக்கு மட்டும், உறையில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இப்போதாவது தெரிகிறதா பார்.

சீசன் ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, கடற்கரையோரப் பலகைப் பாதை முழுக்க ஃபிலடெல்ஃபியாக் கூட்டம், நான் நம் பொம்மை, தொப்பிக் கடை வாசலில் கம்பிக் கூண்டுகளில் நண்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கோடை வேலைக்கு வந்த பல்கேரியாப் பெண் ரலித்சா போனை நீட்டி, மேடம், இது நம்ம கடைதானே என்று கேட்டாள். நம் கடைதான். நம் கூண்டு, அதற்குள் சிரித்த முகமும் தேசியக்கொடியும் வரைந்த சங்குகளைச் சுமந்துகொண்டு நண்டுகள், கூண்டுக்குள் நுழைந்திருக்கும் கை என்னுடைய கை. போன ஆகஸ்டில் நீ லீவுக்கு வந்தபோது எனக்குத் தெரியாமல் எடுத்த படம். கீழே நீ எழுதியதை ரலித்சாவே வாசித்துக் காட்டினாள், பாவம். இது என் அம்மாவின் கடை, இங்கே விற்கும் ஒவ்வொரு சங்கு நண்டும் சாவதற்காகவே விற்கப்படுகிறது, ஏழு வயதில் எனக்குப் பட்டன் என்று ஒரு நண்டு இருந்தது, ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் அதைக் காணோம், அசையவில்லை என்று அம்மா குப்பையில் போட்டிருந்தாள், நான் அழுததும், அதான் இருநூறு இருக்கே, வேற ஒண்ணு எடுத்துக்கோ என்றாள், இப்படி. ஏன்டி, அதற்கப்புறம் இருபத்து நான்கு வருஷமாக என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், ஒருநாள்கூட இதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? முன்பின் தெரியாதவர்கள் போன் பண்ணி என்னைக் கொலைகாரி என்றார்கள். யாரோ கடை ஷட்டரில் நண்டுக்குச் சமாதி வரைந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். கோயிலில் பூசை முடிந்து காபி குடிக்கும் இடத்தில் பாதிரியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாயிடும் எவாந்தியா என்றாள், யாரோ செத்துப்போன மாதிரி.

சரி, இவளுக்குக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நான் தொட்டி வைத்தது நண்டின் மேல் இரக்கப்பட்டு இல்லை, உன்னைப் பொய்யாக்க. இந்தப் பிராணிகள் மூணு மாசம், நாலு மாசம் இருக்கும், குழந்தைங்களுக்கு அது போதும் என்று கடை திறந்த நாள் முதல் சொல்லி வந்தவள் நான். அரண்மனையில் வைத்தாலும் இதுகள் சாகும், செத்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்பவேண்டும், அதுதான் என் திட்டம். நண்டை உயிரோடு வைத்திருக்க என்னென்ன வேண்டும் என்று நீ எழுதிய நீளப் பட்டியலை ரலித்சாவிடம் கேட்டுத் தாளில் இறக்கிக்கொண்டேன். உன் அப்பாவின் பழைய மீன் தொட்டியை நிலவறையிலிருந்து தூக்கி வந்து கழுவினோம். குழந்தைகள் விளையாடக் கடையில் விற்கும் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, மணல்வீடு கட்டினால் நிற்கிற பதத்துக்கு ஈரமாக்கி எட்டு அங்குலம் நிரப்பினேன். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பதத்தை நீ சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கிண்ணம், ஒன்றில் குளோரின் எடுத்த நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர், அதுவும் சமையல் உப்பு ஆகாதாம், மீன் கடையில் விற்கும் கடல் உப்புதான் வேண்டுமாம். வாசலில் கடல் கிடக்க உப்பைக் கடையில் வாங்கிய முதல் கிரேக்கச்சி நான்தான் என்று உன் அப்பா சிரித்தார். சூடு கொடுக்கும் மின்சாரத் தகட்டை அடியில் வைத்தால் புதைந்திருக்கும் நண்டு வெந்துவிடும் என்று நீ எழுதியிருந்தபடி பின்பக்கக் கண்ணாடியில், மணலுக்கு மேலே ஒட்டினேன். மேலே கண்ணாடி மூடி, இடுக்குகளில் சமையலறைப் பிளாஸ்டிக் தாள். ஈரப்பதம் காட்டும் முள் எண்பதில் நிற்க எனக்கு நான்கு நாள் பிடித்தது, ஒன்று எழுபதுக்கு இறங்கும், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வியர்க்கும், ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்தப் பாடு பட்டதில்லை. ஏறி விளையாட மரப்பட்டை, தின்ன உப்பில்லாத இறால், முட்டை ஓடு, கீரை, காய்ந்த ஓக் இலை. கடைசியாக, சாயம் பூசாத சங்குகள், ஒவ்வொரு அளவிலும் இரண்டிரண்டு. கூண்டிலிருந்து மூன்று நண்டுகளை எடுத்து விட்டேன். பெரியதற்கு இடப்பக்கம் ஒரு கால் இல்லை, வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன், சீக்கிரம் சாகும் என்று.

மறுநாள் காலை காபிப் பாத்திரத்தோடு போய்ப் பார்க்கிறேன், கொடி வரைந்த சங்கு காலியாகக் கிடக்கிறது, பெரியது ஒரு பழுப்புச் சங்குக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மதியத்துக்குள் மற்ற இரண்டும் மாறிவிட்டன. என் கடையில் ஒரு நண்டு தானாகச் சங்கு மாற்றி நான் பார்த்ததே இல்லை, பார்க்க முடியாது, ஏனென்றால் நான் வேறு சங்கே வைத்ததில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இதற்குச் சாயச் சங்கு இவ்வளவு பிடிக்காதென்றால் முதலில் எப்படி உள்ளே போனது? ஃப்ளோரிடாவிலிருந்து நண்டு அனுப்பும் டுவேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, பழைய சங்கை இடுக்கியில வச்சு உடைச்சிடுவோம், சாயச் சங்குக்கு வர்றது வரும், வராதது செத்துப்போகும், என்ன இத்தனை வருஷம் கழிச்சு இப்பக் கேக்கறீங்க என்றான். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். எதிரில் ஒரு ஆள் கொடிச் சங்கு நண்டு ஒன்று வேண்டும் என்று நிற்கிறான், இல்லை என்றேன், அதோ இருக்கே என்று காட்டுகிறான், இருக்கு, ஆனா விக்கறதுக்கு இல்ல என்றேன். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம், வாசல்ல நண்டு இல்லைன்னா எவன் நின்னு பாப்பான் எவா, உன் பீங்கான் ஆமையைப் பாக்கவா ஃபிலடெல்ஃபியாவுலேர்ந்து வர்றான் என்று கத்தினார், நானும் கத்தினேன், ரலித்சா தொப்பிகளை அடுக்குகிற மாதிரி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இரண்டாம் வாரம் சின்னது ஒன்று செத்துப்போனது. நாறியது, அதில் சந்தேகமில்லை. பார்த்தாயா என்று எழுத உட்கார்ந்தவள்தான், எழுதவில்லை, ஏனென்று கேட்காதே. ஜூலை இரண்டாம் தேதி பெரியது மணலுக்குள் போய்விட்டது. ஒரு வாரம், மூன்று வாரம், ஒரு மாதம். தோண்டக்கூடாது, வளர்கிற நண்டு மணலுக்குள் புதைந்துதான் பழைய மேலோட்டைக் கழற்றும், அப்போது தொட்டால் செத்துவிடும் என்று நீ எழுதியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் மாற்றினேன். உன் அப்பா, அது என்னிக்கோ செத்துப்போச்சு, நீ ஒரு கல்லறைக்குத் தண்ணி மாத்திக்கிட்டிருக்க என்பார், ஒருநாள் கரண்டியோடு வந்து மணலைக் குத்தப் பார்த்தார், ஈரத் துண்டாலேயே கையில் ஒன்று போட்டேன். ஆகஸ்ட் இருபத்து நான்கு, ஞாயிறு, கோயிலுக்குக் கிளம்பித் தோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், கீழேயிருந்து, எவா, எழுந்துட்டான், எவா, எழுந்துட்டான்டி என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் புதுச் செருப்பு வாங்கிப் போட்ட மாதிரி நடந்து போகிறது, பெரிய கொடுக்கு கத்தரிக்காய் நிறத்தில் மின்னுகிறது. கால் இல்லாத இடத்தில், டெஸ்பினா, ஒரு கால் முளைத்திருக்கிறது. சின்னதாக, வெளிறிப்போய், ஆனால் முழுக் கால். உன் அப்பா கண்ணாடித் தொட்டிமுன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். கூண்டுத் தரையில் சில நாள் ஒரு நண்டு சங்குக்கு வெளியே மெத்தென்று அசையாமல் கிடக்கும், பக்கத்தில் இன்னொரு காலி உடம்பு மாதிரி ஏதோ கிடக்கும். செத்துவிட்டது என்று துடைப்பத்தால் தள்ளிக் குப்பையில் போடுவோம். அதில் எத்தனை ஓடு கழற்றிக்கொண்டிருந்தவை என்று எனக்குத் தெரியாது. உன் பட்டனும் அன்று காலை சங்கைவிட்டுப் பாதி வெளியே வந்து கிடந்தது, நான்தான் எடுத்தேன். அதில் நாற்றம் இல்லை. நாற்றம் இல்லை என்பது இந்த ஆகஸ்டில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அது செத்திருந்ததா இல்லையா என்று நான் எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. ஏழு வயசுப் பிள்ளையிடம் நான் சொன்ன பதிலும் சரியான பதில் இல்லை.

இதைச் சொல்லிவிட்டதால் என் கோபம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ மிருக மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது, இதெல்லாம் அப்போதே உனக்குத் தெரியும். பத்துக் கோடையாக வருகிறாய், அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சுட்ட கீரை அப்பத்தைத் தின்கிறாய், எனக்கு முத்தம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறாய். அம்மா, இது மூச்சு முட்டிச் சாகுது, இதுக்கு ஈரக்காத்து வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? நான் கத்தியிருப்பேன், மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன், நான்காம் நாள் தொட்டியைக் கழுவியிருப்பேன். தெரியாமல் செய்தவள் நான், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நீ, அந்தப் பத்து வருஷத்து நண்டுகள் உன் தலையிலும்தான். யோசித்துப் பார். படத்தில் என் கையை மட்டும் போட்டாயே, படம் எடுத்த கை யாருடையது?

கூண்டில் மிச்சமிருந்தவை முப்பத்தெட்டு. கடலில் விடலாம் என்றால் இந்தக் குளிர்க் கடல் அதுகளுக்கு ஊர் இல்லை. சும்மா தருகிறோம், தொட்டியின் படத்தைக் காட்டினால்தான் தருவோம் என்று ரலித்சாவை விட்டு எழுதச் சொன்னேன். என்னைக் கொலைகாரி என்றவர்களில் ஒருத்தி ட்ரென்டனிலிருந்து வந்தாள், குரலை வைத்தே கண்டுபிடித்தேன். தொட்டியில் இரண்டு அங்குல மணல், திறந்த மேல்பக்கம். அன்னிக்கு நீங்க கத்தினீங்க, இன்னிக்கு நான் கத்தறேன், போய் மணல் கொட்டிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரமே கொட்டிவிட்டு வந்தாள், நல்ல பெண்தான், ஐந்து கொண்டுபோனாள். செப்டம்பர் கடைசியில் கூண்டுகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று, டுவேனுக்கு அடுத்த வருஷம் சரக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. உன் அப்பா வாசலில் என்ன வைப்பது என்று இன்னும் முணுமுணுக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே பெரியதற்கு அவித்த முட்டை ஊட்டுகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி பதினைந்தாம் தேதி என் வலது முழங்காலுக்கு ஆபரேஷன், ஆறு வாரம் படி இறங்கக்கூடாது என்கிறார் டாக்டர். மூன்றில் மிச்சமிருந்த சின்னது போன மாதம் மணலுக்குள் போயிருக்கிறது, எப்போது எழுந்திருக்கும் என்று தெரியாது. உன் அப்பாவை நம்பி விட முடியாது, நான் படுத்த அன்றே கரண்டியை எடுத்துவிடுவார். பனிப்புயலில் மின்சாரம் போனால் தொட்டிக்கு வெந்நீர்ப் புட்டி வைத்துக் கம்பளி சுற்றவேண்டும், அது யாருக்குத் தெரியும்? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஊருக்கே சொன்னாயே, நீ வந்து பார். ஆறு வாரமும் இரு. உன் அறையில் அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன, எடுக்கச் சொல்கிறேன். நீ இருக்கும் ஊரில் ஓயாத மழை என்கிறார்கள், தலையை நனைத்துக்கொண்டு சைக்கிளில் திரியாதே, வேளைக்குச் சாப்பிடு, போன முறை கழுத்தெலும்பு தெரிந்தது.

கன்னி மாதா உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், உன் கைபடும் பிராணிகளையும் காக்கட்டும். மறக்காமல் பதின்மூன்றாம் தேதிக்கே வந்துவிடு. முதல் இரண்டு நாள் திட்டுவேன், எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிரு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னும் கோபத்தில் இருக்கும் உன் அம்மா,
எவாந்தியா